கடுங்காப்பியோடு எட்டு கிலோமீட்டர்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 1500 மீட்டர் ஓடுகிறாள். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்கிறார்கள். எடை 48 கிலோ, குறையவே இல்லை. கெண்டைக்கால் எலும்பில் ஓரிடத்தில் மட்டும் வலிக்கிறது என்கிறாள். மாத்திரை கொடுத்து வரவழைக்கலாமா? விடிகாலை கடுங்காப்பி குடித்துவிட்டு 8 கிலோமீட்டர் ஓடுவாள். பிறகு இரண்டு இட்லி, மதியம் டிபன் பாக்ஸில் கொஞ்சம் சோறும் மீன்குழம்பும், சாயங்காலம் டீ பிஸ்கட், ராத்திரி இரண்டு தோசை.
(ஒரு தாய், தங்கச்சிமடம்)

பதில்: மாத்திரை இருக்கட்டும், முதலில் கணக்குப் போடுவோம். நீங்கள் எழுதிய சாப்பாடு தாராளமாகப் பார்த்தாலும் சுமார் 1200 கலோரி. ஓட்டமே 400 கலோரியைத் தின்றுவிடும். மீதி 800. கொழுப்பு நீங்கலாக அவள் உடம்பு ஏறக்குறைய 38 கிலோ என்று வைத்தால், கிலோவுக்கு 21 கலோரிதான் மிஞ்சுகிறது. 45 இருந்தால் நல்லது. 30-க்குக் கீழே போனால் பலருக்கு ஹார்மோன் தடுமாறும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

வரவு போதாதபோது உடம்பு செலவைக் குறைக்கும். மூளையில் ஹைப்போதலாமஸ் அனுப்பும் சமிக்ஞை மங்கி, சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. தைராய்டு ஹார்மோனும் இறங்குவதால் எடை அப்படியே நிற்கலாம். எடை மெஷினை நம்பி ஏமாறுவது இங்கேதான். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஆண் வீரர்களுக்கும் வரும்.

எனக்குப் பெரிய கவலை அந்தக் கால்வலிதான். எலும்பு உறுதிப்படும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பில் மயிரிழை விரிசல் விழலாம். விரலால் அழுத்தினால் அந்த ஒரே இடம் வலிக்கிறதா, ஒற்றைக்காலில் குதித்தால் சுரீர் என்கிறதா? அப்படியென்றால் இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ கேட்கலாம்.

மூன்று மாதம் தாண்டினாலே மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எல்லோருக்கும் வழக்கம். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரப்பு ஹார்மோன்), ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு) பார்ப்பார்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். ஹார்மோன் மாத்திரையில் வருகிற ரத்தம் மாத்திரையால் வருவது. பசி தீர்ந்ததற்கு அது அடையாளம் ஆகாது.

சாப்பாட்டில் முதல் மாற்றம் விடிகாலையில். ஓட்டம் இருக்கிற நாளில் இரண்டு வாழைப்பழம், கருப்பட்டி போட்ட பால். முடிந்த அரை மணிக்குள் நாலு இட்லி, முட்டை. கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், ஆனால் தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையுமே தவிர கலோரி ஏறாது. கெட்டியாகக் கிண்டி வெல்லமும் தேங்காயும் சேருங்கள். நெத்திலியை முள்ளோடு தின்னட்டும், கால்சியம் அதில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது முட்டை, கடலை, பயறு. டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், இரும்புச்சத்தைத் தடுக்கும்.

இப்படி தினம் 400, 500 கலோரி கூட்டினாலும் மாதவிலக்கு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை பயிற்சியையும் குறைக்கச் சொல்லி கோச்சிடம் நீங்களே பேசுங்கள், பிள்ளையைப் பேசவிடாதீர்கள். "மணலில் ஓடினால் காலுக்கு மெத்து" என்று யாராவது சொல்வார்கள். கடற்கரைச் சரிவில் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில்தான் விழும். விரிசல் ஆறும்வரை அதுவும் வேண்டாம்.