ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: குமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. 2023-ல் எல்லைக்கல் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு அடிதடி ஆகிவிட்டது. அப்பாவுக்குத் தலையில் தையல். அவர்கள் பக்கம் ஒருவருக்குக் கையில் காயம். இரண்டு தரப்பு மேலும் போலீஸ் வழக்குப் போட்டது. எங்கள் மீதான வழக்கில் அப்பா, அம்மா, நான் மூவரும் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள். இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 294(பி) (ஆபாசமாகத் திட்டியது), 323 (காயப்படுத்தியது), 324 (ஆயுதத்தால் காயப்படுத்தியது), 506(2) (கொலை மிரட்டல்). 2024 தொடக்கத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி குழித்துறை கோர்ட்டில் நடக்கிறது. நான் துபாயில் இருப்பதால் இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை, வாரண்ட் ஆகிவிட்டது. 'வந்து ஒப்புக்கொண்டு பைன் கட்டிவிடு, ஒரே நாளில் முடிந்துவிடும்' என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். டிசம்பரில் லீவுக்கு வருகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அந்த யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். ஒப்புக்கொள்வது என்றால் குற்றவாளி என்று தீர்ப்பு வாங்குவது. பைன் கட்டிய ரசீது அந்தத் தீர்ப்பை அழிக்காது. 324-க்கு மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. அபராதத்தோடு விடுவதாக நடுவர் (மாஜிஸ்திரேட்) யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்க மாட்டார். இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்டால், அதே சம்பவத்துக்கு உங்கள் அப்பா கொடுத்த புகாரின் கதி என்ன? நாளைக்கு எல்லை விஷயம் முன்சிப் (சிவில்) கோர்ட்டுக்குப் போனால், உங்கள் வாக்குமூலத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

சரி, வாரண்ட். ஊருக்கு வந்த மறுநாளே, கோர்ட் வேலை நாளாகப் பார்த்து, காலையிலேயே வக்கீலோடு நேரில் போய் வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போடுங்கள். விசா நகல், வேலை ஒப்பந்தம், கம்பெனி கொடுத்த லீவு கடிதம் மூன்றும் மனுவோடு இருக்கட்டும். ரீகால் செய்வது நடுவரின் விருப்புரிமைதான். ஆனாலும் தானாக வந்து நிற்பவனை ஒரு மாதிரியும், போலீஸ் பிடித்து வந்தவனை வேறு மாதிரியும்தான் எந்தக் கோர்ட்டும் பார்க்கும். கோர்ட் விடுமுறைக்கு முன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் வைத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் அம்மாவை நினைத்துப் பாருங்கள். வாரண்ட் ரத்தானதும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 205-வது பிரிவில், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேளுங்கள். குற்றப்பத்திரிகை, புதிய சட்டம் அமலான 2024 ஜூலை 1-க்கு முன்பே வந்துவிட்டதால் உங்கள் விசாரணைக்குப் பழைய சட்டம்தான். அடையாளத்தை மறுக்க மாட்டேன், என் வக்கீல் முன்னிலையில் சாட்சி விசாரிக்க ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் விலக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். கோர்ட் நேரில் கூப்பிடும் நாளில் மட்டும் கட்டாயம் வந்தாக வேண்டும்.

இனி வழக்குக்கு வருவோம். அடிதடி வழக்கில் எதிரியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் காகிதம்தான். குற்றப்பத்திரிகை நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வாங்கி, வக்கீலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டு நகலை எடுங்கள். அதில் 'தெரிந்த 2 பேர் கம்பால் அடித்ததாகச் சொன்னார்' என்று ஒரு வரி இருக்கும். யார் போலீசுக்குப் போவது என்றுகூட முடிவாகாத நேரத்தில், காயம்பட்டவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அப்புறம் முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். அங்கே இரண்டு பேர் மூன்றாகி, கம்பு வெட்டுகத்தியாகி, உங்கள் அம்மாவும் உள்ளே வந்திருக்கலாம். அந்த அறிக்கை கோர்ட்டுக்கு வந்ததும் நடுவர் கையெழுத்துப் போட்டு நேரம் குறித்திருப்பார். ஸ்டேஷனில் பதிவான நேரத்துக்கும் அதற்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், இடையில் என்ன நடந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

இந்த முரண்பாடுகளைச் சாட்சியிடம் கேட்டால் மட்டும் போதாது. விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போதும் கேட்டுப் பதிவாக்க வேண்டும். நம் கோர்ட்டுகளில் சாட்சி சொல்லும்போது இருந்த நடுவர் தீர்ப்பு எழுதும்போது மாறுதலாகிப் போயிருப்பது சாதாரணம். புதிதாக வருபவர் சாட்சியின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் முன் இருப்பது தட்டச்சு செய்த வாக்குமூலம் மட்டுமே. அதில் ஏறாத எதுவும் உங்களுக்கு உதவாது.

இரண்டு வழக்கையும் ஒரே நடுவர், ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே நாத்தி லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. வேறு வேறு கோர்ட்டில் இருந்தால் உடனே மனு போடுங்கள். எதிரெதிர்ப் புகார் வந்தால் யார் முதலில் கை ஓங்கியது என்று விசாரித்து, அந்தத் தரப்பு மேல் மட்டும் குற்றப்பத்திரிகை போட வேண்டும், இரண்டும் பொய்யென்றால் இரண்டையும் முடிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் நிலை ஆணை (பழைய எண் 588-ஏ, இப்போது 566). யோசிக்காமல் இரண்டிலும் குற்றப்பத்திரிகை போட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் அதை விடவே கூடாது.

முதலில் கை ஓங்கியது யார் என்ற கேள்விக்கு உங்கள் நிலத்தின் ஆதாரமும் (பத்திரமும்) பதில் சொல்லும். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் குமரி மாவட்டத்துக்காரர்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். தாத்தா காலத்து ஆதாரம் மலையாளத்தில் இருந்தால் மொழிபெயர்த்து, சர்வே வரைபடத்தோடு சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். உங்கள் கைவசமிருந்த இடத்துக்குள் அவர்கள் நுழைந்தார்கள் என்றால் தற்காப்பு உரிமை பேச இடமுண்டு.

294(பி), 506(2) இரண்டும் அடிதடி வழக்கோடு வழக்கமாக ஒட்டிக்கொண்டு வருபவை. கோபத்தில் 'கொன்னுருவேன்' என்று கத்தியது மட்டும் கொலை மிரட்டல் ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

சாட்சிகள் எல்லோரும் உங்கள் ஊர்க்காரர்கள்தான். கோர்ட் வராந்தாவில் 'என்னடே, எப்போ வந்தே?' என்று தோளில் கை போடுவார்கள். வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள். சாட்சியைக் கலைத்ததாக ஒரு மனு வந்தால் ஜாமீனுக்கே ஆபத்து.

சமாதானம் ஆக முடிந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் 324-ஐயும் 294(பி)-யையும் நடுவர் கோர்ட்டில் ராஜியாக முடிக்க வழியில்லை. இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போட வேண்டும். 2012-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் கியான் சிங் தீர்ப்பு அதற்குத் துணை நிற்கும். அம்மாவுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண் என்பதாலேயே இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தால் விவரம் சொல்வார்கள்.

கடைசியாக உங்கள் பாஸ்போர்ட். வழக்கு நிலுவையில் இருந்தால் புதுப்பிக்கும்போது கோர்ட் அனுமதி கேட்பார்கள். அந்த உத்தரவில் எத்தனை ஆண்டு என்று எழுதவில்லையென்றால், 1993-ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி ஒரே ஒரு ஆண்டுக்குத்தான் தருவார்கள். ஆகவே மனுவிலேயே எத்தனை ஆண்டு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். உத்தரவு நகல் கைக்கு வந்ததும், கோர்ட்டை விட்டு இறங்கும் முன்பே எத்தனை ஆண்டு என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.