கம்யூனிச அரசு மதத்தை நடத்தும் விதம் காலப்போக்கில் மாறுமா?

மாறும். நான் அதிகம் படித்த சோவியத் ஒன்றியத்தை வைத்தே சொல்கிறேன்.

1918-லேயே கம்யூனிஸ்டுகள் அரசையும் திருச்சபையையும் பிரித்தார்கள். பள்ளிகளில் மதபோதனை நின்றது. மதம் தானாக உதிரும்வரை காத்திருக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. 1931 டிசம்பரில் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

ஆனால் என் மனதை விட்டு அகலாதது 1937 ஜனவரியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 16 வயது நிரம்பியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: கடவுள் நம்பிக்கை உண்டா, இல்லையா? படிவத்தில் பெயரும் இருக்கும். பாதிரியார்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ‘இல்லை’ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு. அப்படியும் சுமார் 57 சதவீதம் பேர் ‘உண்டு’ என்றார்கள். ஐந்தரைக் கோடிப் பேர்! எந்தத் தைரியத்தில் அந்தச் சொல் வாயில் வந்தது என்று இன்றும் வியக்கிறேன். கணக்கெடுப்பே செல்லாது என்று அறிவித்தது அரசு (மொத்த மக்கள்தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைந்துபோனது அதற்குப் பெரிய காரணம்). நடத்திய அதிகாரிகளில் சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். 1939-ல் மறுபடி எண்ணியபோது அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் சிறைக்கு வெளியே பொறுப்பில் மிஞ்சியிருந்த ஆர்த்தடாக்ஸ் (ருஷ்யாவின் பெரும்பான்மைக் கிறிஸ்தவப் பிரிவு) ஆயர்கள் நாலே பேர்.

அப்புறம் போர். 1941 ஜூன் 22-ல் ஜெர்மனி படையெடுத்த அன்றே, நாட்டைக் காக்கச் சொல்லி விசுவாசிகளுக்கு எழுதினார் அப்போது அந்தத் திருச்சபையை நடத்திவந்த பேராயர் செர்கி. ஸ்டாலின் வானொலியில் பேசியது ஜூலை 3-ல்தான். 1943 செப்டம்பர் 4 இரவு செர்கியையும் இன்னும் இரு பேராயர்களையும் கிரெம்ளினுக்கு வரவழைத்தார் ஸ்டாலின். நாலே நாளில், 1925 முதல் காலியாகக் கிடந்த முதுபெரும் தந்தை (திருச்சபைத் தலைவர்) பதவிக்கு செர்கி தேர்வானார். இதை மனமாற்றம் என்று நான் நம்பவில்லை. ஜெர்மானியர் பிடித்த பகுதிகளில் மூடிய தேவாலயங்கள் திறந்துகொண்டிருந்தன. அந்த ஐந்தரைக் கோடிப் பேரும் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது அரசுக்கு உயிர்ப் பிரச்சினை.

தேவை தீர்ந்ததும் பிடி இறுகியது. ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷேவ் காலத்தில், 1958-க்குப் பிறகு, ஆயிரக்கணக்கான ஆலயங்கள் மறுபடி மூடப்பட்டன. தகர்த்த பேராலயம் நின்ற இடத்தில் 1960-ல் நீச்சல்குளம் திறந்தார்கள். மனசாட்சிச் சுதந்திரத்துக்கான சட்டம் 1990-ல், கோர்பச்சேவ் காலத்தில்தான் வந்தது. மூடி வைத்திருந்த 1937 கணக்கெடுப்பின் விவரங்கள் அச்சேறியதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான்.