வாசகர் கேள்வி: சிறுத்த இடையின் ரகசியம்

கேள்வி: ஃபோர்ட் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில், 1950-களின் மாடல்கள் எல்லோரும் இடை சிறுத்து, நெடுநெடுவென்று உயர்ந்து தெரிகிறார்களே, எப்படி?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: முதல் காரணம் உடை. 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் அறிமுகப்படுத்திய ‘நியூ லுக்’ என்ற உடைப் பாணி, போர்க்காலத் துணிப் பஞ்சத்துக்குப் பழிதீர்ப்பதுபோல, இடையை இறுக்கிப் பிடித்து, இடுப்பைப் புடைக்கச் செய்து, கெண்டைக்கால் வரை பாவாடையைக் கெஜக்கணக்கில் விரித்தது. அது போதாதென்று, கேமராவுக்குத் தெரியாத முதுகுப்புறத்தில் ஊசியும் கிளிப்பும் குத்தி உடையை இன்னும் இறுக்குவது ஸ்டூடியோக்களின் வழக்கம். ஆகவே அந்த அளவைக் காட்டி உங்கள் தையற்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

உயரத்தில் கேமராவுக்கும் பங்குண்டு. ரோலிஃப்ளெக்ஸ் போன்ற கேமராக்களை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்தே படமெடுப்பார்கள் என்பதால், பார்வைக் கோணம் தாழ்ந்து, நிற்பவர் கூடுதலாக நிமிர்ந்து தெரிவார்.

ஆனால் புகைப்படக்காரர்கள் எல்லாரும் ஒரே பாணியில் எடுக்கவில்லை. இர்விங் பென் 1950-இல் பாரிஸில் பழைய நாடகத் திரைச்சீலை ஒன்றைப் பின்னணியாகத் தொங்கவிட்டு, இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படங்களில் சிலையின் அமைதி இருக்கிறது. ரிச்சர்ட் அவெடனோ 1955-இல் டோவிமா என்ற மாடலை டியோர் உடையில் பாரிஸ் சர்க்கஸ் யானைகளுக்கு நடுவே நிறுத்தினார். சுருக்கம் விழுந்த தோலுக்கும் வழவழப்பான துணிக்கும் உள்ள முரண்தான் அதன் உயிர். யானைகளின் காலில் கிடக்கும் சங்கிலி உறுத்தினாலும், அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஃபேஷன் படம் அதுவே என்பது என் எண்ணம்.