பொது நிர்வாகம்: பாடமாக்கியும் 'C' தரம் தான் வருகுதோ?

தங்கச்சி, நோட்ஸை வரிக்கு வரி பாடமாக்கி எழுதியும் "உதாரணம் காணாது" எண்டு 'C' போட்டிட்டினம் எண்டு கேட்டிருந்தீங்கள். எனக்கும் இரண்டாம் வருசத்தில இதே கதைதான். மக்ஸ் வெபர் எண்ட சமூகவியலாளர் சொன்ன பணிக்குழு (bureaucracy) இயல்புகள் ஒண்டும் விடாமல் எழுதினன், மாக்ஸ் வரேல்லை.

ஒருநாள் வதிவிடச் சான்றிதழ் எடுக்கப் போனன். விதானையார் (கிராம அலுவலர்) கொப்பியில பதிஞ்சு, கையெழுத்து வைச்சு, சீல் குத்தித் தந்தார். அதோட முடியேல்லை, பிரதேச செயலகத்தில மேலொப்பமும் வேணும். படிநிலை, எழுத்துப் பதிவு, விதிப்படி நடக்கிறது எல்லாம் அந்த ஒரு தாளிலயே கிடக்கு. உங்கட விடையில அதை எழுதுங்கோ.

அதிகாரப் பரவலாக்கம் வந்தால், மாகாண சபைகளைக் கொண்டுவந்த, இலங்கை அரசியலமைப்பின்ர 1987 இன் 13ஆவது திருத்தத்தோட நிப்பாட்டாதேங்கோ. பலர் விடுறது 1992 இன் 58ஆம் இலக்கச் சட்டம். கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) இருந்த அதிகாரங்கள் பிரதேச செயலாளருக்கு வந்தது அதாலதான். அவர் மத்திய அரசின்ர ஆள், ஆனால் மாகாண சபை வேலையும் அவரின்ர மேசைக்குத்தான் வரும். "விமர்சன ரீதியாக ஆராய்க" எண்ட கேள்விக்கு இந்த இழுபறி ஒண்டே ரெண்டு பக்கத்துக்குக் காணும்.

நிர்வாக சேவைப் பரீட்சைக்கு இந்தப் பாடம்தான் வேணும் எண்டில்லை, எந்தப் பட்டத்தோடயும் எழுதலாம். அந்தப் பயத்தில பாடத்தை மாத்தாதேங்கோ.

அடுத்த விடையை எழுதினால் இங்க போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.