தைவான் கோழி சூப்பில் உலர்ந்த காளான் எதற்கு? பச்சைக் காளான் போட்டால் ஆகாதா?

போடலாம், ஆனால் அது வேறு சூப். தைவானில் தைச்சுங் நகரத்தருகே சின்ஷே, தீவின் நடுவில் பூலி போன்ற மலைப்பகுதிகளில் ஷிடாகே காளான் விளைகிறது. அதை உலர்த்தும்போதுதான் அந்தப் புகைவாசம் மாதிரியான ஆழ்ந்த மணம் ஏறும். பச்சையில் அது அவ்வளவாகக் கிடையாது. ருசிக்கும் காரணம் உண்டு: காளானில் உருவாகும் குவானிலேட், கோழியிலுள்ள குளுட்டமேட் என்ற இரண்டு சுவைப்பொருள்களும் சேர்ந்தால், தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு சுவை எழும்.

பலர் கோட்டைவிடுவது ஊறவைப்பதில். அவசரத்துக்கு வெந்நீரில் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் நாலைந்து மணி நேரம் ஊறட்டும். குடை மெத்தென்று விரிந்து, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதைக் கொட்டிவிடாமல், அடியில் தங்கிய மண்ணை மட்டும் விட்டுவிட்டு, மேலாகச் சூப்பில் ஊற்றுங்கள். பாதிச் சுவை அதில்தான்.

அப்புறம் எளிது. எலும்போடு வெட்டிய கோழியைக் கொதிநீரில் ஒருமுறை போட்டெடுத்துக் கழுவி, இஞ்சி, கொஞ்சம் அரிசி மது, காளான் சேர்த்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம். உப்பு கடைசியில். மிளகு, மல்லித்தழை என்று நம் கை பரபரக்கும். முதல் தடவையாவது அடக்கிக்கொள்ளுங்கள்.