புழுக்கை எந்த ஆழத்தில் கரைகிறது?

கேள்வி: நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கடல் எப்படிக் கார்பனை உள்ளே இழுக்கிறது என்பதைக் காட்ட, ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்கிறார்கள். தாவர மிதவை உயிரிகள் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன. விலங்கு மிதவை உயிரிகளோ அவற்றைத் தின்று, மூச்சுவிட்டு, அதே வாயுவைத் திரும்ப வெளியிடுகின்றன. இவற்றைக் கெடுதல் செய்பவை என்று காட்டலாமா? வகுப்பிலேயே செய்யக்கூடிய சோதனை ஏதாவது உண்டா?

பதில்: கெடுதல் என்று எழுத வேண்டாம்; நன்மை என்றும் எழுத வேண்டாம். தின்ற கார்பனை அந்த உயிரி எந்த ஆழத்தில் விடுகிறது என்பதுதான் கணக்கு. மேல்மட்டத்தில் விட்ட மூச்சு விரைவிலேயே காற்றில் கலந்துவிடலாம். ஆயிரம் மீட்டருக்குக் கீழே விட்டது, பெரும்பாலும் நூற்றாண்டுகளுக்கு மேலே வராது.

தாவர மிதவை உயிரிகளில் மிகச் சிறியவை ஒரு நாளில் ஒரு மீட்டர்கூட இறங்காமல் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும். அரிசிமணியைவிடச் சிறிய கோபிபாடு என்ற விலங்கு மிதவை உயிரி அவற்றை ஆயிரக்கணக்கில் வடித்துத் தின்று, புழுக்கையாக வெளியேற்றுகிறது. ஆட்டுப் புழுக்கையைப் போல இறுகியது. அதற்குமேல் குடலே ஒரு மெல்லிய சவ்வைச் சுற்றி அனுப்புகிறது. இந்தப் பொட்டலம் நாளொன்றுக்குப் பத்துக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் வரை இறங்கும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று செர்னோபில். 1986 ஏப்ரல் 26இல் அணுஉலை வெடித்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் மத்தியதரைக் கடலில், கோர்சிகா தீவுக்கு அருகே 200 மீட்டர் ஆழத்தில், மேலிருந்து விழும் துகள்களைப் பிடிக்கும் வண்டல் பொறி ஒன்றை ஆய்வாளர்கள் வைத்திருந்தார்கள். காற்றில் வந்த கதிரியக்கத் துகள்கள் கடலில் விழுந்த சில நாட்களிலேயே பொறிக்குள் வந்துவிட்டன. தாமாக இறங்கியிருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். பொறியில் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி கோபிபாடுகளின் புழுக்கை! கடலின் செங்குத்துப் போக்குவரத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுத்தது ஒரு விபத்து என்பது வேதனைதான்.

ஆனால் எல்லாப் புழுக்கையும் அடிவரை போகாது. வழியில் வேறு கோபிபாடுகள் அதை உடைக்கும், தின்னும். மிச்சத்தைப் பாக்டீரியா சிதைக்கும். பசிபிக்கில் அளந்து கடலியலாளர் ஜான் மார்ட்டினின் குழு 1987இல் வெளியிட்ட கணக்கின்படி, 100 மீட்டரைக் கடந்த கார்பனில் 1,000 மீட்டரை எட்டுவது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் களிமண் இத்துகள்களில் ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டுகிறது. அவை விரைவாக இறங்குகின்றன.

மூச்சுக்கு வருவோம். 1942இல் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, எதிரொலியைக் கொண்டு ஆழம் அறியும் சோனார் கருவியின் ஒலி, உண்மையான கடல்தரைக்கு வெகு மேலேயே எதிரொலித்தது. அந்தப் பொய்த்தரை பகலில் தாழ்ந்தது, இரவில் உயர்ந்தது. அது உயிரிகளின் கூட்டம். இரவில் மேலே வந்து மேய்ந்து, பகலில் மீன்களின் கண்ணுக்குத் தப்ப இருட்டுக்குள் இறங்கும் கூட்டம். மேலே தின்றதில் ஒரு பகுதியை அவை கீழேதான் மூச்சாகவும் கழிவாகவும் விடுகின்றன.

இனி சோதனை. கோபிபாடு கிடைப்பது கடினம். வண்ண மீன் கடையில் ஆர்ட்டீமியா என்ற, உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரியின் முட்டை கிடைக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் கல் உப்பு, காற்றுக் குழாய், வெளிச்சம் போதும். ஓரிரு நாளில் பொரிக்கும். ஸ்பைருலினா என்ற நுண்பாசியின் பொடியை ஒரு சிட்டிகைக்கும் குறைவாகக் கொடுத்து இரண்டு மூன்று வாரம் வளர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பாசத்தில் அள்ளிப் போடுவார்கள், நீர் நாறிவிடும். பிறகு பத்து ஆர்ட்டீமியாக்களைத் தெளிந்த உப்புநீருக்கு மாற்றினால், சிறிது நேரத்தில் பாத்திரத்தின் அடியில் பச்சை இழைத் துணுக்குகள் சேரும்; அவைதான் புழுக்கை.

ஒன்றை டிராப்பரில் எடுத்து, உயரமான அளவு ஜாடியில் விட்டு, 10 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நொடி என்று பாருங்கள். நூறு நொடி என்றால் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்; நாளுக்கு 86.4 மீட்டர். பக்கத்து ஜாடியில் வெறும் ஸ்பைருலினா பொடியைக் கரைத்து வைத்தால் ஒப்பிடலாம். இரண்டிலும் வளர்ப்புத் தொட்டியில் உள்ள அதே உப்பளவு இருக்க வேண்டும். டிராப்பர் நீர் கூடுதல் உப்பாக இருந்தால் அந்த நீரே புழுக்கையை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். ஜாடியை வெயில் படும் சன்னலோரம் வைக்காதீர்கள். ஒருபக்கம் சூடேறினால் நீர் சுழலும்.

மாதிரியில் மூச்சுக்கு ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதை இரண்டாக்கச் சொல்லுங்கள்: இரவுக்கு மேலே ஒன்று, பகலுக்குக் கீழே ஒன்று.