பழைய அம்பாசிடர் கியர் பாக்ஸ்: பிரித்துச் செய்வதா, வேறு போடுவதா? (கேள்வி பதில்)

கேள்வி (சேலம்): 1968 மாடல் அம்பாசிடர் மார்க் 2 வைத்திருக்கிறேன். ஓடும்போது கியர் பாக்ஸ் ஊளையிடுகிறது. "பாக்ஸ் போச்சு சார், செகண்ட்ஸ்ல ஒண்ணு போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: பிரிக்காமலே போச்சு என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? காயலான் கடையில் கிடக்கும் பெட்டியும் ஏதோ ஒரு வண்டியில் ஊளையிட்டுத்தான் அங்கே வந்திருக்கும். உங்கள் பெட்டியின் நோயாவது உங்களுக்குத் தெரியும்.

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். கிளட்ச்சை மிதிக்காதபோது சத்தம் இருந்து, மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் விசை பெட்டிக்குள் நுழையும் தண்டு) பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் சுற்றும் துணைத் தண்டு). மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் பாகம்) சமாசாரம், பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். அப்புறம் ஓட்டிப் பாருங்கள். 1, 2, 3இல் ஊளையிட்டு, 4இல் அமைதியானால் கோளாறு லே ஷாஃப்ட் பக்கம். நாலாவது கியரில் விசை நேராகப் போய்விடும், லே ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றும். நாலிலும் அதே சத்தம் என்றால் மெயின் ஷாஃப்ட் (விசை வெளியேறும் தண்டு) பேரிங்கைப் பாருங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் (பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் தண்டு) ஜாயின்ட்டையும் பின் அச்சையும் விட்டுவிடாதீர்கள். பின் அச்சுச் சத்தத்துக்காக நல்ல கியர் பாக்ஸை இறக்கிய பட்டறைகள் உண்டு.

அடுத்து ஆயிலை வடித்து, காந்தத்தை விட்டுப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிற மினுக்கு சிங்க்ரோ வளையத்திலிருந்தோ (கியர் விழுமுன் வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) திரஸ்ட் வாஷரிலிருந்தோ (பக்கவாட்டு உரசலைத் தாங்கும் வட்டத் தகடு) வந்தது. அது தேய வேண்டிய பொருள்தான், மாற்றிக்கொள்ளலாம். எஃகுச் சில்லு ஒட்டினால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். திறந்ததும் லே ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, நீடில் ரோலர் (ஊசி போன்ற சின்ன உருளை) ஓடும் இடத்தில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் தட்டுப்பட்டால் ஷாஃப்ட்டும் ரோலர்களும் புதிது போட வேண்டும். அதுவரை பெரிய செலவில்லை, தாராளமாகச் செய்யலாம். லே கியரின் பற்களே பொரிந்து உதிர்ந்திருந்தால்தான் கணக்கு மாறும். அதோடு கடிக்கும் கியர்களையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதுப் பல்லும் பழைய பல்லும் சேர்ந்து முன்னைவிட மோசமாக ஊளையிடும். அந்த நிலையில் நல்ல செகண்ட்ஸ் பெட்டி வாங்கி, அதையும் பிரித்துப் பேரிங் மாற்றிப் போடுவது புத்திசாலித்தனம். வாங்கியதை அப்படியே ஏற்றாதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் கறகறக்கிறது. பாக்ஸ் மாற்ற வேண்டுமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. பழைய நாலு கியர் பெட்டியில் முதல் கியருக்குச் சிங்க்ரோவே கிடையாது. நின்ற பிறகு போடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): என்ன ஆயில் ஊற்றலாம்? ஜிஎல்-5 (கியர் ஆயிலில் ஒரு தரம்) உசத்தி என்கிறார்களே?

பதில்: பின் அச்சின் ஹைப்பாய்டு பற்களுக்கு (ஒன்றோடொன்று அதிகம் வழுக்கி உரசும் பற்கள்) உசத்திதான். கியர் பாக்ஸின் சிங்க்ரோ வளையம் பித்தளை இனம். ஜிஎல்-5இல் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சரக்கு அதை அரிக்கக்கூடும். வழுக்கலும் அதிகம், வளையம் கியரின் கூம்பைப் பிடிக்காது. வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள்.

கேள்வி (கோவை): அம்பாசிடர் 1800 இசுசுவின் ஐந்து கியர் பாக்ஸை என் 1489 சிசி இன்ஜினோடு சேர்த்துவிட்டால் தொல்லை தீருமே?

பதில்: ஒரு தொல்லை போய் நாலு வரும். இரண்டு இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் உறை) ஒன்றல்ல, நடுவே அடாப்டர் தகடு கடைய வேண்டும். லேத்தில் மையம் மயிரிழை விலகினாலும் இன்புட் பேரிங் சீக்கிரமே கத்தும். புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். ஸ்டியரிங்கை ஒட்டிய லிவரைக் கழற்றிவிட்டு, தரையில் நிற்கும் லிவருக்காகத் தரைத் தகட்டை வெட்ட வேண்டும். இத்தனையும் செய்து கிடைக்கும் ஐந்தாவது கியரை இழுக்க அந்தப் பழைய இன்ஜினில் வலு ஏது?

குறுக்கீடு (மதுரை): ஐயா, மன்னிக்கவும். நான் பத்மினி காரில் வேறு பெட்டி மாற்றி நிம்மதியாக ஓட்டுகிறேன். வண்டி ஓடுவதற்கா, கண்காட்சியில் நிற்பதற்கா?

பதில்: ஓடுவதற்குத்தான். ஓடும் வண்டிக்கு உதிரி கிடைக்க வேண்டாமா? கம்பெனி போட்ட பெட்டிக்குப் சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ எதையாவது தேடிப் பிடிக்கலாம். நீங்கள் கடைந்த அடாப்டர் உடைந்தால் அதைச் செய்த லேத்காரரைத்தான் தேட வேண்டும்.

மீண்டும் மதுரை: உதிரி கிடைக்காததால்தானே மாற்றினேன்!

பதில்: அது நியாயம். தேடி அலுத்தவர் மாற்றட்டும், நான் தடுக்கவில்லை. தேடாமலே மாற்றுபவரிடம்தான் என் சண்டை. இன்னொன்று. 2021இல் வந்த மத்திய விதிப்படி 50 வயதைத் தாண்டிய வண்டியைப் பழங்கால வாகனமாகப் பதியலாம். ஆனால் சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சேலத்துக்காரரின் 1968 வண்டி அந்த வரிசையில் வரும். தரையை வெட்டிவிட்டு ஆய்வுக்குக் கொண்டு நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், லேத்காரர் அல்ல.

கேள்வி (ஈரோடு): ஐந்து கியர் பாக்ஸ் என் மார்க் 3க்குப் பொருந்துமா?

பதில்: மேலே கோவைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (புதுச்சேரி): பழைய பென்ஸ், ஆட்டோமேட்டிக். கியர் தாமதமாக விழுகிறது.

பதில்: ஆட்டோமேட்டிக் என் துறை இல்லை. அதிலேயே ஊறியவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கரூர்): மொத்தம் எவ்வளவு ஆகும், தோராயமாக?

பதில்: பிரிக்காமல் தொகை சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். நானும் சொல்ல மாட்டேன்.

கேள்வி (விருதுநகர்): ஜிஎல்-5 ஊற்றிவிட்டேன், பரவாயில்லையா?

பதில்: நாகர்கோவில்காரருக்குச் சொன்னதைப் படித்தீர்களா? வடித்துவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அடுத்த மாதம் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு எங்கள் அம்பாசிடரில்தான். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் கறகறக்கிறது. அதுவரை தாங்குமா?

பதில்: தாங்கும். இரண்டாவது கியர் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டபுள் கிளட்ச் போட்டு இறக்குங்கள்: நியூட்ரலில் கிளட்ச்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுங்கள். போட்ட கியர் தானாக வெளியே வந்தால் மட்டும் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர்வலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும், கிளட்ச்சில் காலை வைத்தபடியே ஓட்டாதீர்கள். அந்த வண்டியில் ரிலீஸ் பேரிங் கார்பன், சீக்கிரம் தேய்ந்துவிடும்.